புதுச் சபைக்கு ஏழாவது ஆள்

வா தம்பி, உக்காரு. பழைய சபைய நீ விட்டுட்டியாமே, கேள்விப்பட்டேன். புதுசா ஒண்ணு தொடங்கப் போறியாம். பேரு வச்சாச்சாம், பேனருக்கும் சொல்லியாச்சாம். சந்தோஷம். பிராங்பேர்ட்டுல தமிழ்ச் சபைக்குப் பஞ்சம் இருக்குன்னு இந்தக் கிழவனுக்கு இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சு. ஜெர்மன்காரன் காலையில ஆராதனைய முடிச்சுட்டுக் கோயில நம்ம கையில விடுதான். மத்தியானம் நாம போயி, அவன் பெஞ்சுல உக்காந்து, அவன் ஹீட்டர்ல குளிர் காஞ்சுகிட்டே, 'நாம வேற, அவுக வேற'ன்னு நமக்குள்ளயே பிரிஞ்சுக்கிடுதோம். அதுக்கும் ஒரு தெறமை வேணும்லா?

இந்த நாட்டுச் சட்டப்படி ஒரு ஃபெரைன், அதான் சங்கம், பதியணும்னா ஏழு பேரு வேணுமாம், பேத்தி சொன்னா. தன் பேரால கூடுறதுக்கு ரெண்டு மூணு பேரு போதும்னுட்டாரு ஆண்டவரு. ஜெர்மன் சர்க்காரு ஏழு கேக்கு. ஒங்கிட்ட ஆறு இருக்கு. அதான் இன்னிக்கு எம்மேல இம்புட்டுப் பாசம், பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருக்க. இருக்கட்டும், வச்சிட்டுப் போ. நான் ஊருல கோயில்பிள்ளையா இருந்தவன். மணியடிச்சு, பாய் விரிச்சு, மெழுகுதிரி ஏத்தி, எத்தனை கமிட்டி கூடுச்சு, எத்தனை கமிட்டி கலைஞ்சுதுன்னு பின்வாசல்ல நின்னே பாத்தவன். அதனால ஒன்னத் தடுக்க மாட்டேன். பிரியறதையாவது ஒழுங்காப் பிரின்னு நாலு வார்த்தை சொல்லுதேன், கேட்டுக்கோ.

மொதல்ல காரணம். காரணம் பெரிசா இருக்கணும். நோட்டீஸ்ல ஒம்பேரு பழைய சபை அண்ணாச்சி பேருக்குக் கீழ வந்துட்டுதுன்னு வெளிய சொல்லிராத. உபதேசத்துல வித்தியாசம்னு சொல்லு. ஒம் மவன கீபோர்டு வாசிக்க விடலைன்னு சொல்லாத. சபையில எழுப்புதல் இல்லைன்னு சொல்லு. கிறிஸ்மஸ் விருந்துக்கு இடியாப்பமா பிரியாணியான்னு யாழ்ப்பாணத்துக்காரவுகளோட மல்லுக்கு நின்னத, ஆவிக்குரிய ஐக்கியம் கொறைஞ்சு போச்சுன்னு சொல்லு. ஒண்ணும் எடுபடலைன்னா இருக்கவே இருக்கு, கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினாருன்னு சொல்லிரு. அதுக்கு மேல எவனும் வாயத் தொறக்க மாட்டான். பாவம் அவரு, அவருமேல எத்தனை பழிதான் விழும்!

ஆனா இந்த வித்தையில நீதான் மொத ஆளுன்னு நெனச்சிராத. இந்த ஊரு மண்ணுக்கே அந்த வாசி உண்டு.

1554-ல இங்கிலாந்துல மேரி ராணி காலம். புராட்டஸ்டன்ட்காரன் உசிரக் கையில பிடிச்சுகிட்டு ஓடுதான். அதுல ஒரு கூட்டம் பிராங்பேர்ட்டுக்கு வந்து எறங்குச்சு. அகதிக. நகரசபை எரக்கப்பட்டு, பிரெஞ்சு பேசுத அகதிகளுக்கு ஏற்கெனவே குடுத்திருந்த வைஸ்ஃபிரவுவன் கோயில இவுகளும் பங்கு வச்சுக்கிடட்டும்னு சொல்லிச்சு. ஒரே கோயிலு, ரெண்டு சபை. நம்ம மத்தியான ஆராதனைக்கு அதுதான் பாட்டன் முப்பாட்டன். ஜெனீவாவுல இருந்த ஜான் நாக்ஸுக்கு ஆளனுப்பி, போதகரா வரவழைச்சாக. 1555 மார்ச்சுல ரிச்சர்ட் காக்ஸ்னு இன்னொரு பெரிய மனுஷன் தன் ஆளுகளோட வந்து சேந்தாரு. அவரும் உசிருக்குப் பயந்து ஓடி வந்தவருதான்.

சண்டை எதுக்கு? ஜெப புஸ்தகத்துக்கு. ஐயரு ஒரு வரி சொன்னா சபையாரு மறுவரிய உரக்கச் சொல்லணுமா, வேண்டாமா. வெள்ளை அங்கி போடணுமா, வேண்டாமா. காக்ஸ் ஆளுக வந்ததும் வராததுமா மறுவரிய ஓங்கிச் சொன்னாக. நாக்ஸ் பிரசங்க பீடத்துல ஏறி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. காக்ஸுக்கு இங்கிலாந்து சபையோட முகச்சாயல் வேணும்; கிறிஸ்துவோட சபைன்னு தெரிஞ்சாப் போதும்ங்கது நாக்ஸ் கட்சி. நம்மாளு ஒவ்வொருத்தனும் 'எங்க ஊருல இப்படித்தான்'னு ஆரம்பிக்கான் பாரு, அதே ராகந்தான். கடைசியில காக்ஸ் கட்சி என்ன பண்ணிச்சு? நாக்ஸ் எழுதுன ஒரு சின்னப் புத்தகத்தத் தூக்கிட்டு நகரசபைக்குப் போச்சு. அதுல அவரு பேரரசர் அஞ்சாம் சார்லஸ நீரோவுக்கு ஒப்பா எழுதியிருந்தாரு. பிராங்பேர்ட்டோ பேரரசருக்கு அடங்குன ஊரு. நகரசபை நடுங்கிப்போயி நாக்ஸ வெளியேறச் சொல்லிட்டு. மார்ச் 26 அன்னிக்கு அவரு மூட்டையக் கட்டிட்டாரு. காக்ஸ் வந்து ரெண்டு வாரம் முழுசா ஆகல.

அந்த வருஷம் பிப்ரவரியிலதான் லண்டன்ல ஜான் ராஜர்ஸ உசிரோட எரிச்சாக. அங்ஙன விசுவாசி தீயில வேகுதான். இங்ஙன தப்பிச்சு வந்த விசுவாசி, கூட வந்தவனப் பத்தி அதிகாரிகிட்டப் பெட்டிஷன் குடுக்கான். நீ அம்புட்டு தூரம் போகல. பழைய சபைக் கணக்கப் பத்தி ஃபினான்ஸாம்ட்டுக்கு, அதான் வரி ஆபீசுக்கு, கடுதாசி எழுதலாமான்னு யோசிச்சதோட நிறுத்திக்கிட்டியாம். பாராட்டணும்.

நாக்ஸ வெரட்டிட்டு மிச்சம் இருந்தவுக நிம்மதியா இருந்தாகளா? ரெண்டு வருஷத்துல தங்களுக்குள்ளயே மறுபடி ரெண்டாப் பிரிஞ்சாக. ஒருக்கப் பிரிஞ்ச கைக்குப் பழக்கம் வந்துரும் தம்பி. ஒம் ஏழு பேருலயும் எவன் அடுத்ததுன்னு இப்பமே பாத்து வச்சுக்கோ. அந்த வைஸ்ஃபிரவுவன் கோயிலு 1944 குண்டுவீச்சுல போயிட்டு. அதே பேருல ஹவுப்பான்ஹோஃப் ரயில் ஸ்டேஷன் பக்கம் பெறவு கட்டுன கோயில்ல இன்னிக்கு வீடுவாசல் இல்லாதவுகளப் பாத்துக்கிடுதாக. அங்ஙன யாரும் வந்தவன்கிட்ட ஜெப புஸ்தகம் கேக்கதில்ல.

இன்னொரு ஆளு கதையும் இருக்கு. இது ஒனக்கு இன்னும் நெருக்கம், ஏன்னா வீட்டுக் கூட்டத்துக் கதை. ரோமர்ங்கிற நகர மண்டபத்துப் பக்கத்துல முட்டை வடிவமா நிக்குதே பவுல் கோயிலு, அந்த எடத்துல முந்தி பார்ஃபூசர் கோயில்னு ஒண்ணு இருந்துது. 1666-லருந்து இருபது வருஷம் பிலிப் யாக்கோப் ஸ்பெனருக்கு அதுதான் பிரசங்க பீடம். இந்த ஊரு லுத்தரன் குருமாருக்கெல்லாம் அவருதான் தலைவரு. 1670-ல தன் வீட்டுலயே ஒரு கூட்டம் ஆரம்பிச்சாரு. கூடி உக்காந்து வேதம் வாசிக்கது, அதப் பத்திப் பேசிக்கிடுதது, ஜெபிக்கது, அம்புட்டுத்தான். 1675-ல பியா தெசிதேரியான்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டாரு. சபை சீர்ப்பட வழி சொல்லுத புத்தகம். மத்த சபைக்காரன வாதத்துல அடிச்சுச் சாய்க்கிறத விட்டுட்டு அவனுக்காக ஜெபம் பண்ணு, அவங்கிட்ட அன்பா நடந்துக்கோன்னு அதுல ஒரு பகுதியே இருக்கு. இருந்து என்ன? அவரு கூட்டத்துலயே யோகான் யாக்கோப் ஷூட்ஸ்னு ஒரு வக்கீலு. பெரிய பக்திமான், பாட்டுக் கட்டுனவரு. கோயில் பந்தியில தகுதியில்லாதவனெல்லாம் வந்து கை நீட்டுதான், அவனுககூட நான் எப்படிப் பந்தி இருக்கதுன்னு ஒதுங்கிட்டாரு. கூடவே இன்னும் சில பேரு போனாக. ஜெபக்கூட்டம் வச்ச ஸ்பெனருக்கு ஊருக்குள்ள கெட்ட பேரு.

ஆனா ஸ்பெனர் தன் பங்குக்குச் சபைய ஒடைக்கல. உள்ளயே இருந்து இழுத்தாரு. அதுக்கு வெளைச்சல் எங்க கெடைச்சுதுன்னு பாரு. அவரு வழியில வந்தவரு ஹாலே ஊரு பிராங்கே. அந்த ஹாலேயில படிச்ச சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல தரங்கம்பாடியில வந்து எறங்குதாரு. 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாகி முடியுது. இந்த ஊரு ஜெபக்கூட்டத்துக்கும் ஒங்கையில இருக்கிற வேதப்புத்தகத்துக்கும் ஒரே கொடிதான்.

அதே தரங்கம்பாடியில 1919 மே மாசம் மொத ரெண்டு நாள் ஒரு கூட்டம் நடந்துது. வேதநாயகம் சாமுவேல் அசரியா, நம்ம வெள்ளாளன்விளைக்காரரு, ஆங்கிலிக்கன் சபையில பேராயரான மொத இந்தியரு, அவரு இருந்தாரு. 33 பேரு சேந்து ஒரு அறிக்கை விட்டாக. சாரம் இதுதான்: இந்தப் பிரிவினை எதையும் நாங்க உண்டாக்கல, வெளிய இருந்து வந்து எங்க தலையில ஏறுனது, இத வச்சுகிட்டு எந்த முகத்தோட சுவிசேஷம் சொல்லுதது? அப்படித்தானே! நாக்ஸுக்கும் காக்ஸுக்கும் பிராங்பேர்ட்டுல வந்த வழக்குக்கு நாசரேத்துக்காரன் எதுக்கு மெஞ்ஞானபுரத்துக்காரன்கிட்ட மொகத்தத் திருப்பணும்? பேசுனாக, பேசுனாக, 28 வருஷம் பேசுனாக. 1947 செப்டம்பர் 27 அன்னிக்கு சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்துல தென்னிந்தியத் திருச்சபை பொறந்துது. காக்ஸ் வழியில வந்த ஆங்கிலிக்கன், நாக்ஸ் வழியில வந்த பிரெஸ்பிடேரியன், கூட காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட், எல்லாரும் ஒரே சபை. பிஷப் வச்ச சபையும் பிஷப்பே வேண்டாம்ன சபையும் ஒண்ணானது ஒலகத்துலயே அதுதான் மொதத் தடவை. பிராங்பேர்ட்டுல 13 நாள்ல கிழிச்சத, சென்னையில தைக்கதுக்கு 392 வருஷம் ஆச்சு. அசரியா பாக்கக் குடுத்து வைக்கல. 1945 புத்தாண்டு அன்னிக்கே போய்ச் சேந்துட்டாரு. தரங்கம்பாடி லுத்தரன் சபை மட்டும் இதுல சேரல. ஊரு அவுக ஊரு. பந்தியில அவுக இல்ல. நடக்கதுதான்.

நம்ம ஊருப் பெருமைய ரொம்பப் பேசிட்டேன், கொஞ்சம் எறங்கி வாரேன். வடக்கன்குளத்துல ஆர்.சி. கோயில் 1872-ல ரெண்டு காலா கட்டுனது. ஒரு சாதிக்கு ஒரு கூடம், இன்னொரு சாதிக்கு இன்னொரு கூடம், ரெண்டும் சேருத முக்குல பீடம். கால்சட்டைக் கோயில்னே பேரு. பூசை வைக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும். கும்பிடுதவுகளுக்கு ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. 1910-ல தடுப்ப இடிச்சாக. உடனே கோர்ட்டு, கேசு. செவரு போயிட்டு. ஆனா ஒம் ஆறு பேரையும் எனக்குத் தெரியும்லா? எந்தச் சாதின்னு நான் கேக்கல. கேக்காமலே தெரியுது, அதுதான் சங்கடம். ஏழாவது ஆளா எங்கிட்ட வந்து நிக்கதுக்கும் எம் பக்தி காரணம் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?

கோவப்படாத, காப்பியக் குடி.

ஒற்றுமைன்னா வாயப் பொத்திக்கிட்டு இருக்கதுன்னும் நான் சொல்லல. காணிக்கைக் கணக்குல ஓட்டை இருந்தா எந்திரிச்சு நின்னு கேளு. பிள்ளைகளுக்குத் தீங்கு நடந்தா போலீசுக்குப் போ. சபை பேரு கெட்டுரும்னு மூடுதவன் ஐக்கியம் வளக்கல, களவுக்குக் கூட்டு நிக்கான். இந்த நாட்டுலயே பாரு. ஹிட்லர் காலத்துல சபைக்குள்ள அவன் கொடியப் பிடிச்சவுகள எதுத்து 1934 மே மாசம் பார்மென்ல கூடுனாக. லுத்தரன், ரிபார்ம்டு, ஐக்கிய சபைக்காரவுக, அதுவரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் மொறைச்சுகிட்டு இருந்தவுக, ஒண்ணா நின்னு ஒரே அறிக்கையில மாட்டோம்னாக. நியாயமான பிரிவு அப்படித்தான் இருக்கும். போற வழியில ரெண்டு பேரச் சேத்து வச்சுட்டுப் போகும். அந்தக் கூட்டத்துல முன்னுக்கு நின்ன மார்ட்டின் நீமோலர் 1937-லருந்து 1945 வரைக்கும் செயிலு, முகாமுன்னு கெடந்தாரு. வெளிய வந்த பெறவு, பிராங்பேர்ட், ஹெசன், நாசாவ் மூணு சபையும் சேந்த சபைக்கு அவருதான் மொதத் தலைவரு. நாஜிக காலத்துல அடிச்சுக் கட்டி வச்ச கட்டு அது. 1947 செப்டம்பர் கடைசியில, நம்ம சென்னைக்காரவுக ஒண்ணாகி ஒரு வாரம் ஆகுமுன்ன, இவுக தாமா மனசார ஒண்ணா இருப்போம்னு முடிவு பண்ணுனாக. ஒம் பிரிவு யாரச் சேத்து வச்சுது, சொல்லு பாப்போம்.

2021 மே மாசம் இந்த ஊருல மூணாவது எக்யுமெனிக்கல் கிர்ஷென்டாக் நடந்துது, ஞாபகம் இருக்கா? ஆர்.சி.யும் புராட்டஸ்டன்ட்டும் சேந்து நடத்துத பெருவிழா. கூடலாம்னு இவுக முடிவு பண்ணுன நேரம் பாத்துக் கொரோனா வந்து யாரும் கூடாதேன்னுட்டு. பெரும்பாலும் கம்ப்யூட்டர்லதான் நடந்துது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், புராட்டஸ்டன்ட் பக்கத் தலைவி பெட்டினா லிம்பெர்க் கத்தோலிக்கக் கதீட்ரல்ல நற்கருணை வாங்குனாக. கத்தோலிக்கப் பக்கத் தலைவர் தோமஸ் ஸ்டெர்ன்பெர்க் புராட்டஸ்டன்ட் கோயில்ல திருவிருந்துல கலந்துகிட்டாரு. முந்தின வருஷமே ரோமாபுரியிலருந்து இதுக்கு எதிரா கடுதாசி வந்திருந்துது. அவனவன் மனசாட்சிக்கு விட்டுருவோம்னு இவுக சொல்லிட்டாக. அது சரியா தப்பான்னு படிச்சவுக பேசட்டும். கோயில்பிள்ளைக்கு அப்பம் வெட்டி வைக்கத்தான் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கேன். 500 வருஷத்துச் சண்டைக்காரவுக ஒருத்தர் பந்திக்கு ஒருத்தர் போயி நிக்காக. நீயும் அந்த அண்ணாச்சியும் ஒரே பாமாலை, ஒரே கீர்த்தனை, ஒரே பாஷை. அவரு நிக்கிற ஸ்டேஷன்ல நீ ரயில்ல ஏறாம அடுத்த வண்டிக்குக் காத்து நிக்கியாம்.

இந்த ஊருல எனக்குப் பிடிச்சது மணிதான். வருஷத்துல நாலு தடவை, ஈஸ்டருக்கும் பெந்தெகொஸ்தேக்கும் அட்வெந்துக்கும் முந்தின சனிக்கிழமை, பெறவு கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம், நடு ஊருல இருக்கிற 10 கோயில் மணியும் அரை மணி நேரம் சேந்து அடிக்கும். மொத்தம் 50 மணி. ஆர்.சி. கோயிலும் உண்டு, புராட்டஸ்டன்ட் கோயிலும் உண்டு. கதீட்ரல்ல தொங்குத குளோரியோசா மணி மட்டுமே கிட்டத்தட்ட 12 டன். சண்டையில ஊரே எரிஞ்சு போன பெறவு, 1954-ல பவுல் ஸ்மெட்ஸ்னு ஒரு நிபுணரு உக்காந்து, எந்தக் கோயில் மணிக்கு எந்தச் சுரம், எது எதோட மோதும், எது எதோட இழையும்னு கணக்குப் போட்டுக் குடுத்தாரு. அம்பது மணியையும் ஒரே சத்தமா ஆக்கல. சின்ன மணி சின்ன மணியாத்தான் இருக்கு.

மணியடிச்ச கை சொல்லுதேன் தம்பி. கயிறு பிடிச்சிருக்கிறவனுக்குத் தன் மணிச் சத்தந்தான் காத அடைக்கும். பக்கத்துக் கோயில் மணி கேக்கவே கேக்காது. மைன் ஆத்துப் பாலத்துல நிக்கிறவனுக்குத்தான் அம்பதும் சேந்து கேக்கும். அவன் கிறிஸ்தவனோ இல்லையோ, நின்னு கேட்டுட்டுத்தான் போறான். யோவான் 17-ம் அதிகாரத்த எடுத்து வாசி. பிடிபடுத அன்னிக்கு ராத்திரி ஆண்டவரு ஜெபம் பண்ணுதாரு. பெறவு வரப்போற விசுவாசிகளுக்காகவும் சேத்துக் கேக்காரு. அவுக எல்லாரும் ஒண்ணா இருக்கணும், அதப் பாத்துத்தான் ஒலகம் நம்பும்னு கேக்காரு. பாலத்துல நிக்கிறவனுக்காகக் கேட்டது அது. சாகப்போற மனுஷன் கடைசியாக் கேட்ட காரியத்த நம்ம ஊருல தட்ட மாட்டாக. நீ வாராவாரம் எங்கிட்ட வந்து, விசா ஜெபம் கேக்கல, வேலை ஜெபம் கேக்கலன்னு பொலம்புத. ஆண்டவர் பண்ணுன ஜெபமே நம்மளால ரெண்டாயிரம் வருஷமா நிறைவேறாம நிக்குதே, அத நெனச்சுப் பாத்தியா?

கையெழுத்து இன்னிக்குப் போட மாட்டேன். பீடத்துக்குக் காணிக்கை கொண்டு போறப்ப சகோதரனுக்கு ஒம்மேல மனத்தாங்கல் இருக்கது ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்ஙனயே வச்சிட்டுப் போயி மொதல்ல ஒப்புரவாகுன்னு மலைப்பிரசங்கத்துல இருக்கு. ஃபெரைன் பதியறதப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. அண்ணாச்சி நம்பர போன்ல பிளாக் பண்ணி வச்சிருக்கியாமே, பேத்தி சொன்னா. அத எடுத்து விடு. இப்பமே, எங் கண்ணு முன்னால. எடுத்துட்டு ஒரு போனப் போடு.